நாலு நாற்பது அலாரம்

மடிக்கிற போன் வந்துவிட்டதாம்.
இந்த முறை மூன்றாக மடியும், அயர்ன் பண்ணிய சேலை மாதிரி.
நிலாவின் பள்ளங்களை எண்ணலாமாம் அதன் கேமராவில்.
கடையில் கூட்டமில்லாத மதியம்
விலை வரைக்கும் படித்தேன்.
என் ஒன்றரை வருடச் சம்பளம்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு செய்தி:
இனிமேல் பாதுகாப்பு அப்டேட் கிடைக்காத
போன்களின் பட்டியல்.
ஆறாவது வரியில் என்னுடையது.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடையில் பில் போடுகிறவள் நான்.
நாலு மாத்திரை கேட்டாலும்
தேதி அச்சடித்த ஓரம் அட்டையில் மிஞ்சும்படி
வெட்டப் பழகிய கை.
போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தேதி எங்கும் இல்லை.
ஒரு கீறல் இருந்தது,
அதுவும் நான் போட்டதில்லை.

ரவுண்டானா பக்கம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது.
நாலாயிரத்து இருநூறு, சார்ஜர் தனி.
"எல்லாம் அழிச்சாச்சுக்கா" என்றான் கடைப் பையன்.
மறுநாள் விடிகாலை நாலு நாற்பதுக்கு
நான் வைக்காத அலாரம் அடித்தது.
திரையில் ஒரே சொல்:
மோட்டார்.

எனக்கு மோட்டார் இல்லை. நிலமும் இல்லை.
மாடி போர்ஷன், மூன்று நாளைக்கு ஒருமுறை தெருக்குழாய்.
அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

அப்புறம் படங்கள் வரத் தொடங்கின.
அவர் புதுப் போனில் எடுப்பதெல்லாம்
இதிலும் வந்து விழுந்தது.
புழு துளைத்த தக்காளி, வெகு கிட்டத்தில்.
ராயக்கோட்டை மண்டிச் சீட்டு:
இருபத்தியொரு கிரேட், கிலோ ஒன்பது ரூபாய்.
தாடையில் தையலோடு சிரிக்கும் ஒரு பையன்.
ஆதார், முன்பக்கம், பின்பக்கம்.
பாஸ்புக்.
பிறகு ஒரு நோட்டுத்தாளில் நாலு எண்கள்,
மேலே நீல மையில்
"ஏடிஎம். மறக்கக் கூடாது."

பார்க்கக் கூடாதென்று தெரிந்தேதான்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
என் எண்ணை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.
அது மறக்கவில்லை.

திருடர்கள் எங்கோ வடக்கே ஓர் அறையில்
ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பதாக
நினைத்துக்கொண்டிருந்தேன்.
மாட்டுக்கொட்டகை வரைக்கும் தெரிந்த ஒருத்தி
இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில்
டிபன் பாக்ஸைத் திறந்தபடி இருப்பாள் என்று
யார் போஸ்டர் அடிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.
"திம்மராயனுங்களா? உங்க பழைய போன் என்கிட்ட இருக்குதுங்க."
"யாரு நீ?"
"உங்க பின் நம்பர் எனக்குத் தெரியுது, அதான்..."
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அது காதில் எப்படி விழுந்திருக்கும் என்று.
"உன்ன மாதிரி ஆளுங்ககிட்ட பேசாதேன்னு
பேங்க்ல எழுதியே ஒட்டியிருக்கான்மா."
வைத்துவிட்டார்.
மறுபடி அடித்தேன். பிளாக்.

கோபம், ஒரு டீ ஆறும் வரைக்கும்.
பிறகு யோசித்தால்
சரியாகத்தான் செய்திருக்கிறார் மனிதர்.
அசல் திருடனுக்கும் இதே மரியாதைதான் கிடைக்கும்.

திங்கட்கிழமை சாயந்திரம் ஒரு படம் வந்தது.
அதே நோட்டு, அதே நீல மை.
"புது நம்பர். மறக்கக் கூடாது."

கடையென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன்.
பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர்
மிச்சக் காசை ஒருமுறை எண்ணிக்கொண்டார்.

அந்தப் படத்தை மட்டும் அழித்தால்
அவர் போனிலும் அழிந்துவிடும்.
ஏடிஎம் வாசலில் நின்று தவிப்பார்.
அதனால் கணக்கையே எடுத்தேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது போன்.
தையல் பிரித்திருப்பார்களா அந்தப் பையனுக்கு என்று
ஒரு நொடி.
பிறகு, ஆம்.
புது எண்ணை நான் பெரிதாக்கவில்லை.

அலாரம் கணக்கில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது,
அது போகவில்லை.
நானும் எடுக்கவில்லை.
எங்கள் தெருவில் தண்ணீர் ஐந்து மணிக்கு வரும்.