வேப்பந்தாங்கல் மூன்று

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
அந்தம்மா முதலில் பார்த்தது என்னை அல்ல,
பின்கண்ணாடியில் பாதி உரிந்து கிடந்த
எக்ஸ் சர்வீஸ்மேன் ஸ்டிக்கரை.
நேராக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

சிந்தாமணி ரங்கன். டர்பன்.
எழுபத்து நாலு வயசு.
தமிழில் பன்னிரண்டு சொல் வைத்திருந்தார்,
எண்ணிக் காட்டினார், விரல் மடக்கி.
அதில் ஒன்று பெரியப்பா.

பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காகிதம்.
முதலாவது கப்பல் பட்டியல்:
காத்தவராயன், வயது இருபத்திரண்டு,
ஜில்லா வட ஆற்காடு, ஊர் வேப்பந்தாங்கல்,
அங்க அடையாளம் இடது முழங்காலில் தீத்தழும்பு.
மாடு வாங்கும்போது சுழி பார்த்து எழுதுவது போல.

அடுத்தது ஒரு போட்டோ. எகிப்து, அல் அலமைன்.
மணலில் வெள்ளைக்கல், கல்லில் ஒரு மான் தலை,
அதன்கீழ் டிரைவர் ரங்கன், 1942.
காத்தவராயனின் பேரன்.
வீட்டில் வைத்த பேர் பொன்னுரங்கமாம்.
பொன்னு எங்கே விழுந்ததென்று யாருக்கும் தெரியவில்லை,
கடலிலா, ஆபீசிலா.

அவர் நாட்டுப் பட்டாளத்தில் இவர் நிறத்துக்குத்
துப்பாக்கி கிடையாது.
ஸ்டியரிங் உண்டு.
தண்ணீர் லாரி ஓட்டியிருக்கிறார்.

நானும் பதினேழு வருஷம் அதேதான், லேயில், தேஜ்பூரில்.
நிறைந்த டேங்க் சொன்ன பேச்சு கேட்கும்.
பாதி டேங்க்தான் ஆபத்து:
பிரேக்கை மிதித்த பிறகு
தண்ணீர் தனியாக ஒரு முறை புறப்படும்.
இதை நான் அவருக்கு எந்த பாஷையில் சொல்வது.

பாலாற்றுப் பாலத்தில் ஆறு எங்கே என்று கேட்டார்.
இதுதான் என்றேன்.

வேப்பந்தாங்கல் நம் பக்கம் மூன்று.
ஆரணி ரோட்டில் ஒன்று, குடியாத்தம் தாண்டி ஒன்று,
மூன்றாவதை பிளாட் போட்டு
வேறு பேர் வைத்துவிட்டார்கள்.
எதுக்குப் போகலாம் என்று நான் கேட்கவில்லை.
கல் நிற்கிற ஊருக்கு விட்டேன்.

ரேஷன் கடை ஓரமாக நிற்கிறது.
முதல் சண்டைக்கு இந்த ஊரிலிருந்து போனவர் முப்பத்தொன்று,
திரும்பாதவர் நாலு.
அதன்மேல் மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர்,
தாய்மாமன்கள் மட்டும் பதினாலு பேர்.

மண்ணெண்ணெய் வரிசை திரும்பிப் பார்த்தது.
எரிச்சாங்களா பொதைச்சாங்களா என்றார் ஒருவர்.
இன்னொருவர் மெதுவாக,
எந்தத் தெருவாம்? ஊரா, காலனியா?

காகிதத்தில் அந்தக் கட்டமும் இருந்தது.
கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு
ஊர்ப்பேரை மட்டும் சத்தமாகப் படித்தேன்.
விரலை வரிசை கவனித்தது.
எடுக்கவில்லை.

டிக்கியிலிருந்து ரேடியேட்டர் கேனைக் கொண்டுவந்து
போஸ்டரை ஊறவைத்து உரித்தேன்.
மாமன்கள் கூழாக வந்தார்கள்.
அடியில் நாலு பேர்.
மூன்றாவது ரங்கன், பஸ்ரா, 1916.

அந்தம்மா குனிந்து அந்த எழுத்தில் விரல் வைத்து
பெரியப்பா என்றார்.

அது வேற ஆளும்மா.
வேற சண்டை, வேற மணல்,
ஊரே இதுதானா என்பது சந்தேகம்.
வாய் வரைக்கும் வந்தது.

தெரியும், என்றார் என்னைப் பார்க்காமல்.

பன்னிரண்டில் அது இல்லை. நான் எண்ணியிருந்தேன்.

இந்த ரங்கன் வீட்டில் யாராவது உண்டா என்று
வரிசையைக் கேட்டேன்.
ஒரு பையன் மட்டும் கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்,
அங்கே யாரோ இருப்பது போல.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.
அந்தம்மா தூங்கினார், உறை மடியில்.
டிக்கியில் பாதி கேன் தண்ணீர்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
நான் நின்ற பிறகு அது முன்னே போய்
மெதுவாகப் பின்னே வந்தது.