பன்னிரண்டாம் சீட்டு

சுண்ணாம்புக்கு அடியிலிருந்து
முதலில் வந்தது ஒரு பாதம்.
பறக்கிற தேவதூதன் என்றாள் நொயேமி.
இன்னும் இரண்டு விரல் சுரண்டினேன்:
கணுக்காலில் கயிறு.

லொம்பார்தியாவின் இந்தச் சிற்றூரில்
பழைய வழக்குமன்றத்து வடக்குச் சுவர்.
ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம்,
அதற்கு மேல் போனால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.
இருப்பது ஒரே ஹீட்டர். அதையும்
சுவருக்கு ஆகாதென்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மதியத்தில் நொயேமி
கோட்டுப் பையிலிருந்து டாரட் கட்டை எடுப்பாள்.
மூன்று வாரமாக எனக்கு அதே சீட்டு:
இலை துளிர்த்த மரத்தில்
ஒரு காலில் தொங்குகிறவன்,
தலையைச் சுற்றி ஒளிவட்டம்,
வலி தெரியாத முகம்.
"பயப்படாதே. காத்திருத்தல் என்று அர்த்தம்.
பிடியை விடுதல்.
வேறு பக்கமிருந்து பார்த்தல்."
காத்திருக்கத்தானே செய்கிறேன் என்றேன்,
மாதம் நானூற்றுப் பன்னிரண்டு யூரோ கட்டிக்கொண்டு.

அண்ணன் துல்லியோவின் ரொட்டிக்கடைக் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
அடுப்பை அணைக்காமலே போய்விட்டான்.
தீயணைப்பு நிலையத்திலிருந்துதான் எனக்குத் தெரியும்.
இப்போது அர்ஜென்டினாவில், ரொசாரியோவில் என்கிறார்கள்.
நீங்கள் தலைகீழாய் நின்றாலும்
அவரிடமிருந்து வராது என்றார் வங்கி மேலாளர்,
நின்று காட்டுவேன் என்று எதிர்பார்த்ததுபோல.

மார்ச்சில் முழங்கால்.
கட்டில்லாத இன்னொரு கால்
மடங்கி, குறுக்கே போய்,
சவரக்கடையில் முறை வரக் காத்திருப்பவன்போல
சாவகாசமாய் இருந்தது.
பிறகு இடுப்பு. கவிழ்ந்த பணப்பை.
பொன்பூச்சு போய்க் கரும்புள்ளிகளாய்
தரையை நோக்கி வரிசையாய்க் காசுகள்.

ஆவணக் காப்பகத்து குவால்தியேரோ வந்து பார்த்தார்.
கடன்பட்டு ஓடியவனாம்.
ஆள் அகப்படவில்லை, படத்தைத் தொங்கவிட்டார்கள்.
கழுத்தில் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்,
காலில் கட்டினால்
பேரப்பிள்ளைகள் காலம்வரை தொங்கும் என்றார்.
சந்தைக்கு வருகிறவர்கள்
துப்பிவிட்டுத்தான் போவார்களாம்.

முகம் ஏப்ரலில் வந்தது, முழங்கால் உயரத்தில்.
படுத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.
அங்கே ஒளிவட்டம் இல்லை,
சாய்ந்து உட்கார்ந்த தலைமுறைகளின்
எண்ணெய்க் கறை மட்டும்.
ஆணியால், சாவியால், என்னென்னவாலோ கீறியிருந்தார்கள்.
குழந்தைகளுக்கும் எட்டுகிற உயரம் அல்லவா.
ஒரு கண்ணைத் தோண்டியே எடுத்துவிட்டார்கள்.
மற்றது
பக்கத்தில் கிடக்கிற என்னைப் பார்த்தது.

பதிவுக்காகப் படம் எடுத்தேன்.
கைபேசி திரும்ப, படமும் திரும்பியது.
நின்றுகொண்டிருந்தான்!
முடி மேலே பறக்க,
காசெல்லாம் பைக்குள் ஏற,
ஒற்றைக்காலில்.

ஒற்றைக்காலில் நிற்பது யாரென்று
எனக்குத் தெரியாதா.
வந்து என் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்று
இரண்டு வருடமாக.

சிறுவயதில் எங்களிடம் ஒரு பூகோள உருண்டை இருந்தது.
அடியில் விரல் வைத்து
இங்கே இருப்பவர்கள் எப்படி விழாமல் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.
காலில் கட்டியிருப்பார்கள் என்றான் துல்லியோ.
அன்று இரவு அவர்களுக்காக
இருவரும் ஜெபித்தோம்.

கையுறையைக் கழற்றி எழுதினேன்:
அங்கே இலையுதிர்காலம் தொடங்கியிருக்கும்.
ரொட்டி நீயே சுடுகிறாயா, வாங்குகிறாயா?
கடனைப் பற்றி எழுதவில்லை.
அது மே ஐந்தாம் தேதி தானாகக் கழியும்.

ஹீட்டரை அணைத்துவிட்டு நொயேமி போய்விட்டாள்.
இந்த மாதிரிக் கறைக்கு
எந்த ரசாயனமும் எச்சிலுக்கு ஈடாகாது,
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
பஞ்சை நாக்கில் நனைத்து
அவன் கன்னத்தில் வைக்கிறேன்.