புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யம்

காலை எட்டரைக்கு
ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில்
மழைமானியின் புனலைத் தூக்குகிறேன்.
உள்ளே ஒரு குளவி, கொஞ்சம் உப்புத்தூசி.
0.0 என்று எழுதுகிறேன்.
புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யத்தையும்
போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.
"மழையே இல்லாத ஊருக்கு மழைக் கணக்கா?"
ஐஸ்வாடி ரெஜினாள் தினமும் சிரிப்பாள்,
சலிக்கவே சலிக்காது அவளுக்கு.

வைகை இங்கேதான் கடலைத் தொடுகிறது
என்கிறது வரைபடம்.
நான் வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில்
இரண்டு தடவை தொட்டது.
மற்ற நாளெல்லாம் கடல்தான்
ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் வந்து
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்,
ஆளில்லாத வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி.

ஐப்பசி பொய்த்துப்போன வருஷம் இது.
கார்த்திகை பத்து, ராத்திரி
கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்.
வருஷநாட்டு மலையில்
இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர்.
அணை திறந்தாச்சு.
பார்த்திபனூர் மதகில் நாளைப் பகல்,
உங்களிடம் நாளன்றைக்கு விடியற்காலை மூன்று மணி,
உயரம் ஒன்று புள்ளி ஆறு மீட்டர் என்கிறது கணினி.
பேசியவன் பெயர் திருமேனிநாதன்.
தூங்கி இரண்டு நாள் ஆன குரல்.

வெளியே கொண்டல்.
கொண்டல் மூன்று நாள் நின்று அடித்தால்
கடல் வாயை மூடிக்கொள்ளும்,
ஆறு கொண்டுவந்து கொடுப்பதை வாங்காது.
சொன்னேன்.
"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
வத்தையும் வல்லமும் மேட்டுக்கு ஏறின.
உப்பளக் கொட்டகையிலிருந்து பதினொரு குடும்பம்
ஆடுகளோடு வந்து
ஐந்தாம் வகுப்பை நிறைத்தது.
காதர்சுல்தான் மட்டும் வரவில்லை.
கடன் வாங்கி விட்ட இறால் குஞ்சு,
பண்ணைக் கரையிலேயே டார்ச்சோடு உட்கார்ந்துவிட்டார்.
நான் அளவுகோல் பலகைக்கு எதிரே.

மூன்று மணி.
மூன்றே கால்.
நாலுக்குச் சத்தம் கேட்டது,
யாரோ ஓலைப்பாயை உதறுகிற மாதிரி.
ஆறுதான்.
பதினெட்டு சென்டிமீட்டர்.
நுரை, ஒற்றை ரப்பர் செருப்பு,
மதுரைக் கொத்தனார் எவரோ தொலைத்த சாந்துவாளி.

விடிந்ததும் ஊரே என்னைப் பார்த்தது.
படகைத் திரும்பத் தள்ளியபடி தொபியாஸ் கேட்டார்:
"இதுக்கா எங்க முதுக ஒடிச்ச, ராக்கு?"
பதில் இல்லை.
0.18 என்று அனுப்பினேன்.

மதியம் திருமேனிநாதன் கூப்பிட்டான்.
மீதித் தண்ணீர் எங்கே?
களவு போன நகையைக் கேட்கிற குரல்.
எங்கே போகும்?
வாய் பிளந்து கிடந்தவை வழிநெடுக எத்தனை.
கருத்தனேந்தல், சாத்தியேந்தல்,
ஒட்டன் ஊரணி, கீழப்பெருங்கண்மாய்…
சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.
பேனா ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.
கடைசியில்,
ஒவ்வொன்றும் எவ்வளவு குடித்திருக்கும் என்றான்.
அங்கெல்லாம் ஒரு பலகை நட்டு
ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

இன்று கார்த்திகை இருபத்திரண்டு.
கருத்தனேந்தல் மறுகால் போகிறது.
சாத்தியேந்தலும்.
மலை மறுபடி கறுத்திருக்கிறதாம்.
இந்தத் தடவை அவன் நேரம் சொல்லவில்லை,
"கொண்டல் எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்டான்.
விடவில்லை என்றேன்.

தொபியாஸ் வீட்டு வாசலில் நிற்கிறேன்.
உள்ளே டிவி ஓடுகிறது.
கையில் பதிவேடு:
பக்கம் பக்கமாய்ப் பூஜ்யம்,
நடுவில் ஒரு பதினெட்டு.
இதை வைத்துக்கொண்டு
எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?
நாய் குரைக்கிறது.
கதவைத் தட்டுகிறேன்.