மூடி மறையும் ஆழம்

டிபன் பாக்ஸ் மூடியில் துளையிட்டு
நூல் கட்டித் தொட்டிக்குள் இறக்குகிறேன்.
எந்த ஆழத்தில் மூடி மறைகிறதோ
அதுவே அன்றைய தண்ணீரின் மார்க்.
சித்திரை பிறந்த அன்று நான்கு விரல்.
கொல்லைக் கதவில் தொங்கும் காலண்டரில்
ராகு காலத்துக்குக் கீழே பென்சிலால்: 4 வி.

துணி துவைத்த தொட்டி இது.
வாஷிங் மெஷின் வந்த பிறகு
கொளத்தூரிலிருந்து ஐந்து கோய் மீன்கள்,
ஆக்ஸிஜன் அடைத்த பையில், பஸ்ஸில், என் மடியில்.
மூன்றே வாரம்.
ஐந்தும் பச்சைக்குள் போய்விட்டன.
தீனி போட்டால் மட்டும்
ஐந்து வாய்கள் வந்து போயின.

வேலூர் வெயிலைப் பற்றி
யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.
கொசப்பேட்டையில் அது கொல்லைக்குப்
பதினோரு மணிக்கு வந்து
ஐந்து மணிவரை எழுந்திருக்காது.
பச்சை வலை வாங்கிக் கொய்யாமரத்துக்கும்
குழாய்க் கம்பிக்கும் குறுக்கே கட்டினேன்.
ஆறு விரல்.

உரக்கடை செங்குட்டுவன்
மயில்துத்தம் ஒரு சிட்டிகை என்றார்.
துத்தம் பாசியைக் கொன்றது.
செத்த பாசி தண்ணீரின் மூச்சைத் தின்றது.
விடியலில் நான்கு மீன்கள்
மேலே வந்து காற்றை மென்றுகொண்டிருந்தன.
ஐந்தாவது, வெள்ளை, பக்கவாட்டில்.
கறிவேப்பிலைக்கு அடியில் புதைத்தேன்.
அன்று மூடி இரண்டு சாணுக்குத் தெரிந்தது.
அந்த எண்ணை எழுதவில்லை.

பிறகு நிதானமாகக் கற்றுக்கொண்டேன்.
வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.
காவிரிக் குழாய்த் தண்ணீரை நேரே விடாமல்
ஒரு நாள் ட்ரம்மில் வைக்க வேண்டும், குளோரின் போக.
சுவரில் ஒட்டிய பாசியைத் தேய்க்கக் கூடாது,
அது நம் கட்சி.
பம்ப்பில் சிக்கும் இழைப்பாசியைத்
துடைப்பக்குச்சியில் சுற்றி இழுத்தால் போதும்.
தீனி ஒரு வேளைதான்:
மீன் தின்னாததைப் பாசி தின்னும்,
மீன் தின்றதையும் மறுநாள் பாசிதான் தின்னும்.
இவ்வளவு செய்தும்
ஏழு விரலைத் தாண்டவில்லை.

ஆனியில்தான் தெரிந்தது.

மாடியில் இரண்டு அறைகளை
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு விடுகிறோம்.
முர்ஷிதாபாத்திலிருந்து தபன், அவர் மனைவி சிபானி.
வந்து எழுபது நாள்.
விடியலில் அவளுக்கு ரத்தம் எடுத்த பின்
ரிப்போர்ட் வரும்வரை
அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.
தொட்டி விளிம்பில் குந்தி
காகிதப் பொட்டலத்திலிருந்து பொரியை
ஒவ்வொரு பிடியாக...
நெற்றியில் திட்டு வைத்த மீன்
அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.
எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

எனக்கு வங்காளம் தெரியாது.
அவரிடம் இருந்த தமிழ்:
சாப்பாடு, எவ்வளவு, நாளைக்கு வாங்க.
மூடியை இறக்கினேன். மறைந்தது.
பொட்டலத்தைக் காட்டினேன், பச்சையைக் காட்டினேன்.
புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு
பொட்டலத்தை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் அதே நேரம்
கை கட்டி அதே விளிம்பில்.
மீன்கள் அவர் முன்னால் வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
என் டீ ஆறி ஆடை கட்டும்வரை
கதவோரம் நின்று பார்த்தேன்.
பிறகு தீனி டப்பாவை அவரிடமே கொடுத்து
ஸ்பூனைக் காட்டி ஒரு விரல் காட்டினேன்.
அவரும் ஒரு விரல் காட்டினார்.

இப்போது அவர்தான் போடுகிறார்.
ஸ்பூனில் குவிந்து நிற்கும் உருண்டைகளை
விரலால் வழித்து டப்பாவில் திருப்பிவிட்டு,
மாத்திரை எண்ணிப் பழகிய கை.

போன வியாழன் மூடியை அவரே இறக்கினார்.
மேலே ஜன்னலில், தலையில் துணி கட்டிய சிபானி
எவ்வளவு, என்றாள், தமிழில்.
நூலில் ஈரம் ஏறிய இடத்தைப் பிடித்துக்கொண்டு
கையால் அளந்தார்.
ஒரு சாண், இரண்டு விரல்.

எழுதப் போனால் காலண்டரில்
அடுத்த திங்களைச் சுற்றி ஒரு வட்டம்,
உள்ளே வங்காள எழுத்து நான்கைந்து.
ரயிலா, ஆபரேஷனா?
கேட்கவில்லை.
அந்தக் கட்டத்தின் ஓரத்தில்
என் எண்ணுக்கும் கொஞ்சம் இடம் இருந்தது.