குளிர்பெட்டிக்குப் பின்னால்

கடைகளை நான் முதுகுப் பக்கமிருந்து அறிந்தவன்.
வார்சாவில் எந்தத் தெருவைச் சொன்னாலும்
அங்கே எந்தக் கம்ப்ரசர் இருமுகிறது,
எந்தக் குழாயில் வாயு கசிகிறது,
எலி எந்த ஒயரைக் கடித்திருக்கிறது
என்று சொல்லிவிடுவேன்.
முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை
என்னிடம் கேட்காதீர்கள்.

முதல் அழைப்பு ஒரு ஜூலையில் வந்தது.
"வீகன் கடை" என்றாள் போனில்.
என் காதில் வேகன் என்று விழுந்தது.
ரயில்பெட்டிக்கான சாமான் பையோடு போய் நின்றேன்.
யாக்னா சிரிக்கவில்லை.
முந்திரியில் செய்த பாலாடைக்கட்டி
முப்பது கிலோ
அவளுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தது.

பால் கெட்டால் திரியும், தெரியும்.
முந்திரி கெட்டால்?
"புளிக்கும். கடனும் சேர்ந்து புளிக்கும்" என்றாள்.
அவள் பெட்டி புதிதல்ல.
கசாப்புக்கடை ஒன்று மூடியபோது ஏலத்தில் எடுத்தது.
உட்கூரையில் கொக்கிக்கான நான்கு துளைகள்.
அவற்றின் மேல் சிரிக்கிற முந்திரி ஸ்டிக்கர்களை
ஒட்டி வைத்திருந்தாள்.

பிறகு மாதத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று.
டிராம் பணிமனைக்கு எதிரே ஓட்ஸ் காபி.
பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டாணி சாஸேஜ்.
வெள்ளை பீன்ஸில் பன்றிக்கொழுப்பு என்று ஒன்று:
பன்றியும் இல்லை, கொழுப்பும் இல்லை,
வெங்காயம் மட்டும் நிஜம்.
ரொட்டியில் தடவிக் கொடுத்தார்கள்,
கூலியில் கழித்துக்கொள்ளாமல்.
நன்றாகத்தான் இருந்தது.
வீட்டில் சொல்லவில்லை.

பால் என்று எழுதக்கூடாதாம், சட்டம்.
பானம் என்று புட்டியில் ஒட்டினார்கள்.
வாங்க வந்தவர்கள் பால் என்றே கேட்டார்கள்,
விற்றவர்கள் பால் என்றே கொடுத்தார்கள்.
புட்டி மட்டும்
சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றது.

நகரத்தின் ஓரத்தில்,
மொத்தச் சந்தைக்குப் பின்னால் ஒரு கார் கொட்டகை.
திருமதி தோவா அங்கே இருபத்தெட்டு வருடங்களாக
சோயாவை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி,
துணியில் கட்டி, மேலே கல் வைத்து
டோஃபு செய்கிறாள்.
பலகை கிடையாது, பெயர் கிடையாது.
நாம்தின்னிலிருந்து வந்தவர்கள் வாளி கொண்டுவருவார்கள்.
ஊறல் தண்ணீர் நாறுகிறதென்று
நகராட்சி இரண்டு முறை அபராதம் போட்டது.

இப்போது தாடி வைத்த மூன்று பேர்
பெட்டி சைக்கிளில் வந்து இறங்கி
எத்தனை வருடமாக வீகனாக இருக்கிறீர்கள்
என்று பக்தியோடு கேட்டார்களாம்.
"எனக்கு வாத்து பிடிக்கும்" என்றாளாம்.
அப்படியும் நூறு கட்டி எடுத்துப் போனார்கள்.
"விலையைத்தான் கொஞ்சம் ஏற்றினேன், லெஷெக்.
இருபத்தெட்டு வருடத்துக்கு
வட்டி வேண்டாமா?"

சென்ற பிப்ரவரியில்
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
தெருவே குளிர்பெட்டியாக இருக்கையில்
யாக்னாவின் குளிர்பெட்டியைக் கழற்றினேன்.
வாடகை இரண்டு மடங்காகியிருந்தது.
அவள் செய்ததைப் போலவே ஒன்றை
சூப்பர் மார்க்கெட் பாதி விலைக்கு விற்றது.
அவள் ஒரு முனையைப் பிடித்தாள்,
நான் மறுமுனையை.
படியில் ஒரு தடவை கை வழுக்கியது.
யாரும் எதுவும் பேசவில்லை.

இப்போது அது கார் கொட்டகையில் நிற்கிறது.
திருமதி தோவா கத்தியால் சுரண்டிப் பார்த்தாள்.
முந்திரிகள் வரவில்லை.
போகட்டும் என்று விட்டுவிட்டாள்.
நான் திருகை மூன்று டிகிரியில் வைத்தேன்.
இறைச்சிக்கு வைத்ததும் மூன்றுதான்,
முந்திரிக்கும் மூன்றுதான்.

நேற்று யாக்னா அழைத்தாள்.
அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில்
அவள் இப்போது மேற்பார்வையாளர்.
எட்டாம் அறையில் பனி கட்டுகிறதாம்.
சம்பளம் எப்படி என்றேன்.
தேதிக்கு வருகிறது என்றாள்.
அப்புறம் வேறு குரலில்:
"அந்தப் பெட்டி ஓடுகிறதா?"
ஓடுகிறது என்றேன்.

வைத்த உடனே மறுபடி மணி அடித்தது.
ரயில்வேக்காரர்கள்.
உணவுப் பெட்டியில் ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை,
வேகன் எண் நாற்பத்தொன்று என்றார்கள்.

"முந்திரியா, பீன்ஸா?"
என்று கேட்டேன்.