மறப்பவருக்குப் பாசி

பெப்ரவரி முடியும் வரை ஓல்டனில்
ஆற்றுப் பாலம் பாதியில் நின்றுவிடும்.
மீதியை மூடுபனி வைத்திருக்கும்.
அப்படியொரு சனிக்கிழமை
தோட்டக் கடையில்
கறுப்பு மண் மூட்டைக்குக் கை நீட்டினேன்.

"ஆர்க்கிட்டுக்கா? மண் வேண்டாம்" என்றான்
நெஞ்சில் ரெட்டோ என்று அட்டை குத்திய பையன்.
(மண்ணில்லாமல் வாழ்வதைப் பற்றி
யாராவது இங்கே கவிதை சொல்ல வந்தால்
எழுந்து போய்விடுவேன்.
வேர் மூச்சுவிட வேண்டும்,
அவ்வளவுதான் விஷயம்.)

பைன் மரப்பட்டை ஒரு பை, பாசி ஒரு பை.
முன்னால் வைத்துவிட்டுக் கேட்டான்:
"தண்ணீர் ஊற்ற மறப்பவரா நீங்கள்,
மறக்காதவரா?"

செடியைப் பற்றித்தான் கேட்பான் என்று வந்திருந்தேன்.

"மறப்பவருக்குப் பாசி. ஈரத்தைப் பிடித்து வைக்கும்.
மறக்காதவருக்குப் பட்டை.
ஊற்றியது ஊற்றியபடி ஓடிவிடும்."

ஞாயிறு, புதன். சில வாரம் வெள்ளியும்.
சொல்லவில்லை.
பட்டையை எடுத்தேன், பெரிய துண்டாய்ப் பார்த்து.
வீட்டுச் சாவியை மாதம் இருமுறை மறக்கும்
தவரூபனை நினைத்துப்
பாசியும் கொஞ்சம்.

பட்டை இரவெல்லாம் வாளியில் ஊறியது.
காலையில் மேசையில் பத்திரிகை விரித்துச்
சட்டியை வெட்டிப் பிரித்தேன்.
உயிருள்ள வேர் விரலை எதிர்க்கிறது.
செத்தது உறை கழன்று
நூலாய் வருகிறது.
வெட்டிய இடமெல்லாம் கறுவாத்தூள் தடவினேன்.
"என்ன சமைக்கிறாய்?" என்று வந்தான்.
"வேர்" என்றேன்.

நடுவில் ஒன்று அகப்பட்டது.
நாற்றாய் இருந்தபோது பண்ணையில் வைத்த
பிளாஸ்டிக் வலைக்கூடை, கட்டைவிரல் அளவு.
உள்ளே கறுத்த பஞ்சு.
சுற்றிலும் எல்லாம் காய்ந்த நாட்களிலும்
இது மட்டும்
ஈரமாகவே இருந்திருக்கிறது, நான்கு வருடம்.
மேலே மூன்று முறை பூத்தும்விட்டது.

சலவைக்கூடத்துப் பெண்கள்
ஏழு பேர் கையெழுத்திட்ட அட்டையோடு வந்த செடி.
பதினெட்டாம் வாரம்.
பெயர் யோசித்திருக்கவில்லை நாங்கள்,
அட்டையிலும் அந்த இடத்தில்
ஒரு சின்னக் கோடு.

கூடைக்குள் நுழைந்து வெளியே வந்த வேர்கள்
இரண்டு பச்சை.
கண்ணி கண்ணியாக வெட்ட வேண்டியிருந்தது.
தவரூபன் செடியைப் பிடித்துக்கொண்டான்,
ஒரு கை அடியில்,
ஒரு கை கழுத்தைத் தாங்கி.
யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.
நான் கத்தரியை மட்டும் பார்த்தேன்.

புதுச் சட்டி பழையதைவிட ஒரு விரல்தான் பெரிது.
பட்டை, பட்டை, நடுவே ஒரு பிடி பாசி,
தட்டித் தட்டி இறக்கினேன்.
ஒரு வாரம் தண்ணீர் கூடாது,
வெட்டியது காயட்டும் என்றிருந்தான் ரெட்டோ.

ஞாயிறு மாலை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.
திங்கள், செவ்வாய்.

புதன் இரவு சமையலறையில் விளக்கு.
சன்னலருகே தவரூபன், கையில் நிரம்பிய குவளை.
"இன்றைக்குத்தானே?" என்றான்.

"இந்த வாரம் இல்லை."

கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு அந்தத் தண்ணீரை
அவனே குடித்தான்.