இருப்புக் குறைவு

பதினோரு மூட்டை புழுங்கல் அரிசி.
காகிதத்தில் இருக்கிறது, கடையில் இல்லை.
நடுவில் கிடந்த இடத்தில்
என் பெயரை எழுதிவிட்டார்கள்:
மா. மாதேஸ்வரி, விற்பனையாளர்,
தற்காலிகப் பணிநீக்கம்.

லோடு வந்த ராத்திரி தூறல்.
கரண்ட் இல்லை.
"எண்ணியாச்சு மேடம், போடுங்க" என்று
ரசீதை நனையாமல் நீட்டினார்
குடோன் முனிரத்தினம்.
செல்போன் வெளிச்சத்தில்
கையெழுத்துப் போட்டது நான்தான்.
விசாரணையில் அவர்
அந்தக் கையெழுத்தை மட்டும் காட்டினார்.
தூறலைக் காட்டவில்லை.

எங்கள் ஊருக்கு நன்றாக எண்ண வரும்.
என் காதுத் தோட்டை எண்ணியது.
தவணையில் எடுத்த தையல் மிஷினை எண்ணியது.
ஓசூரில் மகன் கட்டிய பீஸை
என்னைவிடச் சரியாகச் சொன்னது.
ரேகை தேய்ந்த ராஜகுமாரி அக்காவின் விரலை
முந்தானையில் துடைத்துத் துடைத்து
மிஷினில் வைத்துப் பிடித்திருக்கிறேன், மாதாமாதம்.
அவளும் இப்போது
செல்போனைப் பார்த்தபடி என்னைக் கடக்கிறாள்.
அவளுக்கு செல்போனில் பேச மட்டும்தான் தெரியும்.

தேய்பிறை அஷ்டமி.
நல்லம்பள்ளியில் பஸ் ஏறி
அதியமான்கோட்டையில் இறங்கினேன்.
காலபைரவா,
உன் தெரு நெடுக சாம்பல் பூசணி குவிந்து கிடக்கிறது.
இத்தனை பேருக்கா வழக்கு?
இத்தனை பேருக்கா எதிரி?

கடைக்காரம்மா ஒரு பாதியை நீட்டினாள்.
விதை வழித்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டது.
"இன்னொரு பாதி இப்பத்தான் போச்சு,
அதோ, நீலச் சட்டை."
நீலச் சட்டை திரும்பியது.
முனிரத்தினம்.

ஒரே காய். ஒரே கத்தி.
வெட்டிய விளிம்பை ஒட்டிப் பார்த்தால்
வரி மாறாமல் பொருந்தும்.
அவர் உன்னிடம் என்ன கேட்பார்?
என் பெயரைத்தான் சொல்வார்,
இனிஷியலோடு.
கோப்பில் எழுதிப் பழகிய கை.

எங்களுக்கு நடுவில் ஏழெட்டுப் பேர்.
சுற்றிவரும்போது
ஒரு திருப்பத்தில் அவர் முன்னால்,
ஒரு திருப்பத்தில் நான்.
வடக்கு மூலையில் காற்று அடித்து
அவர் திரி அணைந்தது.
பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது என்னுடையதுதான்.
முகத்தைப் பார்க்காமல்
பூசணியை மட்டும் சாய்த்தார்.
கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.
விலக்கவில்லை, அவ்வளவுதான்.

சபிக்கத்தான் வந்தேன், உனக்குத் தெரியாததா?
நேற்று ராத்திரி விழித்திருந்து அடுக்கினேன்:
அவன் கை, அவன் கால்,
அவன் புது வீட்டு மாடிப்படி.
உன் எதிரில் வந்து நின்றதும்
அடுக்கியதில் ஒன்றைக்கூடத்
தூக்க முடியவில்லை.

அன்றைக்கு லாரிக்கு அடியில்
ஈரம் படாமல் சுருண்டிருந்ததே
ஒரு செவலை நாய்,
அது உன் வாகனம்.
இறங்கிய மூட்டையையும் பார்த்தது,
இறங்காமல் போன மூட்டையையும் பார்த்தது.
விசாரணைக்கு வராது.
கைநாட்டு வைக்காது.
பார்த்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும்,
உன் காலடியைத் தவிர?

எண்ணாமல் ஒரு மனிதனை நம்பினேன்.
அது என் தப்பு, எழுதிக்கொள்ளட்டும்.
இப்போது மறுபடியும்
எண்ணாமல்தான் நிற்கிறேன்.
எத்தனை அஷ்டமி, எத்தனை வாய்தா,
பதினொன்றில் எத்தனை திரும்பும்,
கேட்கவில்லை.
கணக்கு உன்னிடம் இருக்கிறது.
அதில் என் கையெழுத்து
எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும்.

வெளியே வந்தேன். செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.
புதன்கிழமை பத்தரைக்கு மறுவிசாரணை,
சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும்,
போன தடவை மூன்று மணி வரை உட்கார வைத்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம்.
உள்ளங்கையில் எண்ணெயும் பச்சைப் பூசணியும் மணத்தது.
அவர் கையும்
இந்நேரம் இப்படித்தான் மணக்கும்.
கழுவிப் பார்க்கட்டும்.